நடுவரை அனுப்புகிறவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நியூ ஜெர்சியில் உங்கள் ஊர்ச் சிறுவர் பேஸ்பால் லீக்கின் நிர்வாகக் குழுவில் இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறீர்கள். 13, 14 வயதுப் பிரிவில் 10 அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள், மொத்தம் 70 ஆட்டங்கள். நடுவர்களை ஏற்பாடு செய்து தரும் அசைனர் "ஆட்டத்துக்கு 140 டாலர், எல்லாம் உட்பட" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். அவர்களில் ஒருவரிடம் பேச்சுவாக்கில் விசாரித்தபோது தனக்கு 60 டாலர் கிடைப்பதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் சேர்த்து 120. மீதி 20 டாலர் எங்கே போகிறது, அது முறைதானா என்று கேட்கிறீர்கள்.

அந்த 20 டாலர் அசைனருடைய கூலி. கூலி வாங்குவது முறைதான். அதை 140 என்ற எண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பதுதான் முறையல்ல. நான் 12 ஆண்டுகளாகப் பள்ளி ஆட்டங்களிலும் ஊர் லீக்குகளிலும் நடுவராக நிற்கிறேன். கடைசி 4 ஆண்டுகளாக ஒரு சிறிய லீக்குக்கு அசைனர் வேலையும் பார்க்கிறேன். கொடுக்கும் கை, வாங்கும் கை இரண்டையும் பார்த்துவிட்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் கூலியைப் பற்றிப் பேசினால் யாருக்காவது அநியாயம் செய்துவிடுவோம். ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5.30க்கு ஐந்து மைதானங்களில் ஐந்து ஆட்டங்கள், பத்து நடுவர்கள். காலையிலிருந்து தூறல். பகல் 1 மணிக்கு ஒரு மைதானத்தில் பந்து எறியும் மேடு சேறாகிவிட்டது என்று ஆட்டத்தை ரத்து செய்கிறார்கள். அங்கே போகவிருந்த இருவருக்கும் வேலை இல்லாமல் போகிறது. 2.10க்கு வேறொரு நடுவரிடமிருந்து குறுஞ்செய்தி: அலுவலகக் கூட்டம் நீள்கிறது, இன்று வர முடியாது. வேலை இல்லாத இருவரில் ஒருவரை அங்கே அனுப்பலாம் என்றால், அவருடைய மகனே அந்த அணியில் ஆடுகிறான். மற்றவன் 16 வயதுப் பையன். இதுவரை பேஸ் பக்கம், அதாவது ஓடுகிறவர்கள் தொட்டுச் சேரும் இடங்களைப் பார்த்து மட்டுமே நின்றவன். பிளேட்டில், அதாவது பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்ல அவனை இன்றைக்கு நிறுத்தினால் இரண்டு அணிப் பயிற்சியாளர்களும் அவனைத் தின்றுவிடுவார்கள். ஆகவே மூன்றாவது மைதானத்தின் அனுபவசாலியை இங்கே மாற்றி, அங்கே பேஸில் நிற்க வேண்டியவரை பிளேட்டுக்கு ஏற்றி, காலியான பேஸுக்குப் பையனை அனுப்ப வேண்டும். இதற்கு ஆறு தொலைபேசி அழைப்புகள். எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது, 4 மணிக்கு முதல் மைதானத்திலிருந்து அழைப்பு வருகிறது: "மேடு காய்ந்துவிட்டது, ஆடலாம்போல் இருக்கிறதே?"

இதை அவர் தன் சொந்த வேலையின் மதிய உணவு நேரத்திலும், காரை ஓரங்கட்டி நிறுத்தியும் செய்கிறார். இதற்கு முன்பே பிப்ரவரியில் நடுவர்களைத் திரட்டி, யார் எந்த நாளில் வர முடியும் என்று வாங்கி, யாரை எந்த ஊருக்கு அடிக்கடி அனுப்பக் கூடாது என்று குறித்து, புதியவர்களைப் பழையவர்களோடு ஜோடி சேர்த்து அட்டவணை போட்டிருப்பார். பருவம் முழுக்கப் புகார்களையும் அவர்தான் கேட்பார்.

இனி பணம். இந்த வேலைக்குக் கூலி தருவதில் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. உயர்நிலைப் பள்ளி விளையாட்டை அந்தந்த மாநிலச் சங்கம் நடத்துகிறது. ஆட்டக் கட்டணத்தைச் சில இடங்களில் மாநிலமும், சில இடங்களில் பள்ளிகளின் கூட்டமைப்பும், சில இடங்களில் உள்ளூர் நடுவர் சங்கத்தோடு பேசியும் முடிவு செய்கிறார்கள். அசைனரின் கூலியும் அதுபோலவே ஊருக்கு ஊர் மாறும். ஆனால் உற்றுப் பார்த்தால் பணம் வரக்கூடிய வாசல்கள் இரண்டே: ஆட்டத்தை நடத்துகிறவர் கை, அல்லது நடுவர் கை.

நடத்துகிறவர் தரும்போது பெரும்பாலும் நடுவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கணக்கு வைப்பார்கள். சிறுவர் லீக்குகளில் நான் பார்த்தவரை ஓர் இடத்துக்கு 3 டாலரிலிருந்து 10 டாலர் வரை. இரண்டு நடுவர் நிற்கும் ஆட்டம் என்றால் இரண்டு இடம். சில லீக்குகள் பருவத்துக்கு ஒரு தொகை என்று பேசிவிடும். பள்ளிகளின் கூட்டமைப்புகளில் ஒவ்வொரு பள்ளியும் விளையாட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு முறை செலுத்துவதும் உண்டு. கல்லூரி மட்டத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவரை ஒருங்கிணைப்பாளர் என்பார்கள். கல்லூரிக் கூட்டமைப்பு அவரை ஒப்பந்தம் போட்டு நியமித்து ஊதியம் தருகிறது. ஒரே ஆள் இரண்டு மூன்று கூட்டமைப்புகளைக் கவனிப்பது அங்கே சாதாரணம்.

நடுவர் தரும்போதும் வகைகள் உண்டு. நடுவர் சங்கத்தின் ஆண்டுச் சந்தாவிலிருந்து அசைனருக்கு ஒரு பங்கு போகலாம். அல்லது ஒவ்வொரு ஆட்டக் கட்டணத்திலும் நூற்றுக்கு 5, 10 என்று பிடித்துக்கொள்ளலாம். சங்கத்தில் உறுப்பினர்கள் கூடி வாக்களித்து, கணக்கை ஆண்டுதோறும் படித்துக் காட்டினால் இதிலும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அசைனர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றிவிடலாம்.

இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் என் பதிலில் தயக்கம் இல்லை. நடத்துகிறவரே தர வேண்டும். நடுவருக்கு வேலை கொடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவருக்கு நடுவரே பணம் கட்டும் நிலை வந்தால், அடுத்த வாரம் ஆட்டம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கல்லூரி மட்டத்தில் இது இன்னொரு வடிவத்தில் வரும். ஆட்டங்களை ஒதுக்குகிற ஒருங்கிணைப்பாளரே கட்டணப் பயிற்சி முகாமும் நடத்துவார். முகாமுக்கு வராதவர் பெயர் பட்டியலில் ஏறாது என்று யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். ஆனால் எல்லா நடுவர்களும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். கற்றுத் தருகிற நல்ல முகாம்கள் நிறைய இருக்கின்றன, நானும் போய்க் கற்றிருக்கிறேன். இருந்தாலும் வேலை தருகிறவரும் கட்டணம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருப்பது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை.

மூன்றாவது ஏற்பாடு ஒன்று இருக்கிறது, உங்களுக்கு வந்திருப்பது அதுதான். மொத்தமாக ஒரு தொகை பேசி, நடுவருக்குக் கொடுத்தது போக மீதியை அசைனர் வைத்துக்கொள்வது. கோடைக்காலத்துப் போட்டித் தொடர்களில் இது மிகப் பரவலாக இருக்கிறது. நடத்துகிறவருக்கு ஒரே காசோலையோடு வேலை முடிந்துவிடுவதால் அவருக்கும் இது பிடிக்கும். எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை சனிக்கிழமை, ஒரு போட்டித் தொடரில் அன்றைய மூன்றாவது ஆட்டத்தை பிளேட்டில் முடித்துவிட்டு வந்தேன். முகக்கவசத்தின் பஞ்சு வியர்வையில் ஊறி, பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. அமைப்பாளரின் மேசையில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, அட்டையில் செருகியிருந்த ரசீது கண்ணில் பட்டது. நடுவர் ஒருவருக்கு ஆட்டத்துக்கு 75 டாலர் என்று இருந்தது. எனக்குச் சொல்லப்பட்டிருந்த தொகை 50. என்னோடு பேஸில் நின்ற பையனுக்கு 17 வயது, அவனுக்கும் 50தான். மூன்று ஆட்டத்தில் அவன் உழைப்பிலிருந்து மட்டும் 75 டாலர் வேறொருவர் கைக்குப் போயிருந்தது, அது அவனுக்குத் தெரியவே தெரியாது. அன்று அமைப்பாளர் நடுவர்களைப் பார்த்த பார்வையின் அர்த்தமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. 75 டாலர் கொடுத்தும் இவர்கள் ஏன் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். 50 டாலருக்கு இந்த வெயிலில் இவ்வளவுதான் முடியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று தவறாக எடைபோட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் நடுவில் மறைந்திருந்த அந்த 25 டாலர். அந்த அசைனருக்கு அதன்பின் நான் வேலை செய்யவில்லை.

மொத்தத் தொகை ஏற்பாட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு நடுவருக்கான பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை மட்டும் அனுப்பினால் மிச்சப்படுவது அசைனருக்கு. நல்ல மனிதர் அப்படிச் செய்ய மாட்டார். ஆனால் அவசரத்தில் இரண்டாவது நடுவர் கிடைக்காத நாளில், கிடைக்காதவருக்கான 60 டாலர் லீக்குக்குத் திரும்ப வருமா என்பது உங்களிடம் இருக்கும் ஒற்றை வரியில் இல்லை. இடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் இந்தக் கேள்வியே எழாது. நிரப்பாத இடத்துக்கு ரசீது வராது.

இனி உங்கள் அசைனருக்காகவும் பேச வேண்டும். ஆட்டத்துக்கு 20 டாலர் என்றால் 70 ஆட்டத்துக்கு 1,400 டாலர். குழுக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னதும் யாராவது புருவத்தை உயர்த்துவார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை சுமார் 16 வாரம், வாரத்துக்கு 6 மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் 96 மணி நேரம். மணிக்கு 14 டாலர் 58 சென்ட் வருகிறது. நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலியே 2024ஆம் ஆண்டிலிருந்து 15 டாலருக்கு மேல். இதிலிருந்துதான் அவர் அட்டவணை மென்பொருளுக்குக் கட்ட வேண்டும். ஆர்பிட்டர்ஸ்போர்ட்ஸ் போன்ற சேவைகள் இலவசமல்ல. காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் இதிலிருந்துதான். ஓர் இடத்துக்கு 10 டாலர் என்பது வழக்கமான அளவின் மேல் விளிம்பில் இருக்கிறது, உண்மை. ஆனால் 16 வாரம் தொலைபேசியை அணைத்து வைக்க முடியாத ஒருவருக்கு அதைப் பறித்த பணம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

"லிட்டில் லீக்கில் தன்னார்வலர்கள் இலவசமாகச் செய்கிறார்களே" என்று ஒருவர் கேட்பார், எல்லாக் குழுக்களிலும் ஒருவர் கேட்பார். 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய அந்தச் சிறுவர் பேஸ்பால் அமைப்பு தன்னார்வத்தின் மேல் எழுந்தது என்பது உண்மைதான். அங்கே நடக்கும் உலகத் தொடரில் இன்றைக்கும் நடுவர்கள் சம்பளம் வாங்காமல்தான் நிற்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஊர் மட்டத்தில் அந்த அமைப்பின் கிளைகளே பல இடங்களில் நடுவருக்குப் பணம் கொடுத்துத்தான் ஆளைப் பிடிக்கின்றன. உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சொல்லும் கணக்கின்படி, 2018-19 பருவத்துக்கும் 2021-22 பருவத்துக்கும் இடையில் எல்லா விளையாட்டிலும் சேர்த்துச் சுமார் 50,000 பேர் பள்ளி நடுவர் பணியை விட்டுப் போனார்கள். ஆள் குறையக் குறைய, இருக்கிற ஆட்களை வைத்து அட்டவணையை நிரப்பும் வேலை கடினமாகிக்கொண்டே போகிறது. அதை இலவசமாகச் செய்ய ஒருவர் கிடைத்தால் அவரைக் கைகூப்பி வரவேற்கலாம். ஆனால் அவர் மே மாதத்தில் களைத்துப்போய் விலகும்போது யாரையும் குறை சொல்லக் கூடாது.

வரி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உங்கள் பொருளாளருக்கு இதுதான் தலைவலியாகப் போகிறது. இப்போதைய ஏற்பாட்டில் லீக் அசைனர் பெயருக்கு 9,800 டாலர் கொடுக்கும். அவர் தனிநபராக வேலை செய்கிறார் என்றால் அந்த முழுத் தொகைக்கும் லீக் அவருக்கு, ஊழியர் அல்லாதவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் 1099-என்இசி படிவம் தர வேண்டும். கூட்டாட்சி வரித்துறையான ஐஆர்எஸ் கண்ணுக்கு 9,800 டாலரும் அவர் வருமானம். அதில் 8,400 டாலரை நடுவர்களுக்குக் கொடுத்தேன் என்று செலவாகக் காட்டுவது அவர் பொறுப்பு. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு நடுவருக்கும் படிவம் தருவதும் அவர் பொறுப்பு. அந்த வரம்பு 2025 வரை ஆண்டுக்கு 600 டாலராக இருந்தது, 2026 முதல் கொடுக்கப்படும் தொகைக்கு 2,000 டாலர். படிவம் வரவில்லை என்பதால் வரி இல்லை என்று இளம் நடுவர்கள் பலர் நினைக்கிறார்கள்; செலவு போகச் சுயதொழில் வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டாலே கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நடுவராக நின்றால் அவர்கள் வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள். லீக் நடுவர்களுக்கு நேரடியாக ஆட்டத்துக்கு 60 வீதமும், அசைனருக்குத் தனியாக 1,400 டாலரும் கொடுத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

நேரடியாகக் கொடுத்தால் நடுவர்கள் நம் ஊழியர்களாகிவிடுவார்களா என்ற பயம் சிலருக்கு வரும். பென்சில்வேனியாவில் பள்ளி லாக்ராஸ் ஆட்ட நடுவர்கள் தொடர்பான வழக்கில், அவர்கள் ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள் என்று வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அது கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்துக்கு மட்டும். ஒருவர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்று பார்க்க நியூ ஜெர்சிக்கு "ஏபிசி சோதனை" என்று தனியான, கடுமையான அளவுகோல் உண்டு. குழுவில் வழக்கறிஞர் இருந்தால் அவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

மழையை மறந்துவிட்டு ஒப்பந்தம் எழுதுகிறவர்களை ஒவ்வொரு வசந்தத்திலும் பார்க்கிறேன். ரத்தான ஆட்டத்துக்கு அசைனர் கூலி உண்டா? மறுபடி நடக்கும் நாளில் இன்னொரு முறை உண்டா? நான் என் லீக்கோடு பேசிக்கொண்டது இது: 24 மணி நேரத்துக்குள் ரத்தானால் ஒதுக்கிய வேலைக்கு என் கூலி முழுதாக வரும், அதே ஆட்டத்தை மறுபடி ஒதுக்கும்போது பாதி. மைதானத்துக்கு வந்து நின்ற பிறகு ரத்தானால் நடுவருக்கும் வந்து போன செலவுக்கு ஒரு தொகை உண்டு. கடைசி நேரத்தில் காரணமில்லாமல் வராத நடுவருக்கு அபராதம் போடும் வழக்கமும் பல சங்கங்களில் இருக்கிறது. போடலாம், ஆனால் அந்த அபராதம் ஒருபோதும் அசைனர் பைக்குள் போகக் கூடாது. லீக்கின் பயிற்சிச் செலவுக்கோ சங்கத்தின் நிதிக்கோ போகட்டும். அசைனர் தானே நடுவராகவும் நிற்பவர் என்றால், இறுதி ஆட்டங்களைத் தனக்கே ஒதுக்கிக்கொள்ளலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். நான் என் லீக்கின் இறுதி ஆட்டங்களில் நிற்பதில்லை.

ஆகவே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம். பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது அவரை இழந்தால் உங்களுக்கு வேறு ஆள் கிடைப்பது கடினம். "உங்கள் உழைப்புக்கு உரியதை நாங்களே தருகிறோம், அதைத் தனி வரியாக எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். நடுவருக்கு ஆட்டத்துக்கு 60 டாலர், நிரப்பிய இடத்துக்கு அசைனருக்கு 10 டாலர், மென்பொருள் செலவு யாருடையது, மழை வந்தால் என்ன, ஒரே நடுவர் வந்தால் என்ன. அந்தத் தாளின் ஒரு பிரதி நடுவர்கள் எல்லாருக்கும் போக வேண்டும். 10 டாலர் அதிகம் என்று குழு நினைத்தால் 8 என்று பேசிப் பாருங்கள். ஆனால் குறைத்த தொகையை நடுவரின் 60இலிருந்து ஈடுகட்டிக்கொள்ள விடாதீர்கள். 62 என்று நடுவருக்கு ஏற்றிக் கொடுங்கள். லீக்குக்கு அதே 140தான் ஆகும்.

நேர்மையான அசைனர் என்றால் இதற்கு ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது. மறுத்தால், இந்த மாநிலத்தில் நடுவர் சங்கங்கள் பல இருக்கின்றன. உங்கள் வட்டத்தில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவர் அனுப்பும் சங்கம் எது என்று உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் கேளுங்கள், அவர் சொல்வார். குளிரில் உறைந்த தரை இளகும் முன்பே கேட்டுவிடுங்கள். மார்ச் பாதிக்குமேல் அவர்கள் அட்டவணையில் இடம் இருக்காது.